சிவப்புக் கம்பி

ஆறு ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் டவர் ஸ்பீக்கரைத் தானும் வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. மேல் ஒலிகளைத் தரும் சின்ன ஒலிபெருக்கியான ட்வீட்டர் கருகி, வலப்பக்கப் பெட்டி அப்போதுதான் பழுதுபார்த்துத் திரும்பியிருந்தது.

வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டியில் பாடகர் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடினார். மிருதங்கத்தின் தொப்பி சரி, ஜால்ரா சரி. குரலின் முனை மட்டும் காணோம். புது ட்வீட்டர் மட்டமான சரக்கு என்று இரண்டு நாள் திட்டினேன். மூன்றாம் நாள் நான்கு திருகுகளைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தால், சிவப்புக் கம்பி ஒழுங்காகப் பிளஸ் முனையில் இருந்தது. அதுதான் தவறு.

கீழ் ஒலிகளைத் தரும் வூஃபர் 2500 ஹெர்ட்ஸில் பாட்டைக் கைவிட, ட்வீட்டர் ஏற்கிறது. சட்டென்று கைமாறுவதில்லை, அதன் இருபுறமும் கொஞ்சத் தூரம் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் சுற்றுக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும், 12 டெசிபல் சரியும் கிராஸ்ஓவர், அந்த இடத்தில் ஒன்றின் அலையை 90 பாகை முந்த வைத்து மற்றதை 90 பாகை பிந்த வைக்கிறது. மொத்தம் 180, நேர் எதிர். வூஃபர் முன்னே வரும்போது ட்வீட்டர் பின்னே போனால் மிஞ்சுவது பள்ளம்தான். அதனால்தான் தயாரித்தவர்கள் ட்வீட்டரை வேண்டுமென்றே மாற்றி இணைத்திருந்தார்கள். பழுதுபார்த்தவர் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நானும் அதையேதான் செய்திருப்பேன். கம்பிகளை மாற்றிச் செருகினேன், பாடகர் குடத்திலிருந்து தலையை எடுத்தார்.

பெட்டியில் வூஃபர் இரண்டு. கீழ் வூஃபரைப் பற்றிப் புகாரே இல்லை. மேலே உள்ளதன் இரட்டை போலத் தோன்றினாலும், சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டியதும் மெல்ல ஒதுங்கிக்கொள்கிறது. அந்த அடக்கம் அழகு.

என் எரிச்சல் வேறு. எழுந்து நின்றால் குரல் மங்குகிறது, ஆறு ஆண்டுகளாக. 2500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 14 செ.மீ.கூட இல்லை. இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்கு வூஃபரின் ஒலி ட்வீட்டரைவிட ஐந்து செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்து வருகிறது. அலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிந்துவதால் இரண்டும் சரியாகச் சேர்வதில்லை. கம்பியை எப்படி மாட்டினாலும் இது தீராது. தண்ணீர் எடுக்க எழுந்தால் பாதிப் பாட்டு போய்விடுகிறது. இவ்வளவு பெரிய பெட்டி, நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும்தானா?

வேண்டாம் என்று நண்பருக்கு எழுதினேன். அப்படியானால் உன்னுடையதை விற்கிறாயா என்று கேட்டார். அதெல்லாம் விற்பதாக இல்லை.