ஃபோல்ட்ஸ்கோப்பா, காலேஜ் மைக்ராஸ்கோப்பா?

போரூர் ஏரிப் பாசியைப் பார்க்க எதை வாங்கலாம் என்று திண்டாடுபவர்களுக்கு:

விலை: ஃபோல்ட்ஸ்கோப் காகிதத்தை மடித்துச் செய்யும் குட்டி மைக்ராஸ்கோப், மலிவு. காலேஜ் மைக்ராஸ்கோப் அதைப்போல் பல மடங்கு.

உருப்பெருக்கம்: ஃபோல்ட்ஸ்கோப் சுமார் 140 மடங்கு. மைக்ராஸ்கோப் 40, 100, 400. ஸ்பைரோகைரா என்ற இழைப் பாசியின் பச்சைச் சுருள் 140-லேயே பளிச்சென்று தெரியும். செனடெஸ்மஸ் என்ற நுண்பாசியின் நான்கு செல் வரிசையையும் ஓரச் செல்களில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளையும் தெளிவாகப் பார்க்க 400 வேண்டும். டயாட்டம் என்ற சிலிக்கா ஓட்டுப் பாசியின் ஓட்டிலுள்ள மெல்லிய வரிகளுக்கு அதுவும் போதாது, எண்ணெய்த் துளி வைத்துப் பார்க்கும் எண்ணெய் லென்ஸ்தான்.

பராமரிப்பு: சென்னைப் புழுக்கத்தில் மைக்ராஸ்கோப் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அவசியம். ஃபோல்ட்ஸ்கோப்பை சட்டைப்பையில் போட்டு ஏரிக்கரைக்கே கொண்டுபோகலாம்.

பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்க ஃபோல்ட்ஸ்கோப். பெயர் கண்டுபிடிக்கும் பைத்தியம் பிடித்துவிட்டதா? மைக்ராஸ்கோப்பே வாங்குங்கள். ஆனாலும் ஸ்பைரோகைராவில் எந்த இனம் என்று சொல்ல சைகோஸ்போர் (இரண்டு செல்கள் இணைந்து உண்டாகும் தடித்த ஓட்டு வித்து) கிடைக்க வேண்டும்.