வேலூர் பெண்கள் மிஷனெரி மாநாடு: மேடையைவிட வேப்பமரத்தடி மேல்

காலாண்டு விடுமுறையில் வேலூரில் இரண்டு நாள் நடந்த பெண்கள் மிஷனெரி மாநாட்டுக்கு எங்கள் ராணிப்பேட்டை சபையிலிருந்து ஒரு வேன் நிறையப் போய் வந்தோம். அடுத்த முறை பெயர் கொடுக்கலாமா என்று பல சகோதரிகள் கேட்கிறார்கள். கட்டாயம் கொடுங்கள். ஆனால் மேடை நிகழ்ச்சிகளை நம்பிப் போகவேண்டாம். அங்கே வந்து சேர்கிற பெண்களுக்காகப் போங்கள்.

கட்டணம் தலைக்கு 300 ரூபாய். இரண்டு நாள் சாப்பாடு, தேநீர், ஒரு துணிப்பை, பாட்டுத்தாள், இரவு தங்க இடம் எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பணத்துக்கு இது தாராளம். சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மதியம் ஆட்டுக்கறி பிரியாணியும், நம் பக்கத்து முள்ளுக் கத்தரிக்காயில் செய்த தொக்கும் போட்டார்கள். எண்ணெய் மிதக்காமல், புளி தூக்கலாக, காம்போடு வெந்த கத்தரிக்காய். பரிமாறிய இளம்பெண்கள் கடைசிப் பந்தி வரைக்கும் முகம் கோணாமல் நின்றார்கள்.

தங்கும் இடம் பள்ளி வகுப்பறைகள். பெஞ்சுகளை ஓரம் கட்டி ஜமக்காளம் விரித்திருந்தார்கள். இளையவர்களுக்குப் பாதகமில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்குத்தான் திண்டாட்டம். உட்கார்ந்து எழக்கூடிய உயரமான கழிப்பறை ஒன்றுகூட இல்லை. எங்களோடு வந்த மூத்த அம்மா ஒருவர் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தார். மாநாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டாமா?

என் பெரிய மனக்குறை வேறு. முதல் நாள் காலை பத்து மணிக்குத் தொடங்கிய கூட்டத்தில் வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப்பரிசு, மறுபடியும் வாழ்த்துரை என்று போய், முதல் மிஷனெரி ஒலிபெருக்கியைப் பிடித்தபோது மணி பன்னிரண்டரை. அவருக்குக் கொடுத்தது பத்து நிமிடம். எட்டாவது நிமிடத்திலேயே மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வந்தவர் ஒடிசா மலைப்பகுதியில் ஊழியம் செய்யும் சகோதரி. இரண்டு இரவு ரயிலில் வந்தவர். அவரைக் கணவர் பெயரைச் சொல்லி, 'இன்னாருடைய துணைவியார்' என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். ஒரு பாட்டு பாடச் சொன்னார்கள். பாடிவிட்டு இறங்கிப் போனார். பெண்கள் நடத்துகிற பெண்கள் மாநாட்டில் ஒரு பெண் மிஷனெரிக்கு இதுதானா இடம்? ரோமாபுரி சபைக்கு எழுதும்போது பவுல் பெபேயாளைப் பெயர் சொல்லி, அவள் செய்த வேலையையும் சொல்லி அறிமுகப்படுத்தினார். நாம் அந்த அளவுகூடச் செய்யக் கூடாதா?

இந்த ஊரில் இப்படி நடப்பது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கட்டர் 1870ஆம் ஆண்டு எங்கள் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவர் மருத்துவம் படிப்பதற்கு முன், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க வரும்படி அவரை அழைத்தார்கள். 'நான் டாக்டர் அல்ல, அப்பாதான் டாக்டர்' என்றார் அவர். ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இதை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அதிகம் பேசுவதில்லை. அமெரிக்காவில் மருத்துவம் படித்து முடித்து, வேலூரில் ஒரு பெண்கள் மருத்துவமனைக்காக அங்கே பணம் திரட்டினார். ஷெல் என்ற வங்கியாளர் மறைந்த தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902இல் நாற்பது படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்கள் ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக நிதி திரட்டினார்கள். நீங்கள் இருபது லட்சம் டாலர் திரட்டினால் நாங்கள் பத்து லட்சம் தருகிறோம் என்றது லாரா ஸ்பெல்மன் ராக்பெல்லர் நினைவு அறக்கட்டளை. அவர்கள் திரட்டிக் காட்டினார்கள். அந்த ஏழில் நம் வேலூர் மருத்துவப் பள்ளியும் ஒன்று.

கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வேலூரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு இரவில் என்ன நடந்தது என்று ஒரு பெண் எழுந்து விவரமாகச் சொன்னாள், மற்றப் பெண்கள் உட்கார்ந்து கேட்டார்கள். பிறர் பாட்டை நம் மனதில் சுமக்கிற பாரம் அப்படித்தான் வரும். பத்து நிமிடத்தில் மணி அடித்தால் வராது.

அந்தப் பாரம் மதியம் வந்தது. இந்த ஏற்பாட்டைச் செய்த சகோதரி யாராக இருந்தாலும் அவருக்கு என் மனமார்ந்த நன்றி. சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஒரு எண் சீட்டு கொடுத்தார்கள். ஒரே சபையிலிருந்து வந்தவர்கள் ஒன்றாக உட்கார முடியாது. காலையில் முன்வரிசையில் இருந்தவர்களும் பின்வரிசையில் இருந்தவர்களும் ஒரே வட்டத்தில் வந்து விழுந்தோம். எங்கள் குழுவுக்குக் கிடைத்தது மைதானத்து வேப்பமரத்தடி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கும் ஒரு அக்கா, குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவர், ஓய்வுபெற்ற நர்ஸ், கல்லூரிப் பேராசிரியை, சோளிங்கரிலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஆயரம்மா. நடுவில், காலையில் பாட்டுப் பாடி இறங்கிய அந்த ஒடிசா சகோதரி.

அவர் பேச ஆரம்பித்தபோது மணி இரண்டரை. தேநீர் வந்து ஆறிப்போனது, யாரும் எழவில்லை. கந்தமால் பக்கத்தில் குயி மொழி பேசும் மக்கள் நடுவே வேலை செய்கிறார். போன புதிதில் யாரும் வீட்டுக்குள் அழைக்கவில்லை. வாரச் சந்தையில் மஞ்சள் விற்கும் பெண்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எடைக்கல்லைப் பார்த்து எண்களைக் கற்றுக்கொண்டாராம். பிறகு மஞ்சளின் விலை, பிறகு பிள்ளைகளின் பெயர், பிறகு நோய்களின் பெயர். மலேரியா அவரையே பலமுறை படுக்கையில் தள்ளியிருக்கிறது. இதையெல்லாம் கலங்காமல் சொன்னார். பிள்ளைகள் இருவரும் தமிழ்நாட்டில் விடுதியில் படிக்கிறார்கள். வேதப்புத்தகத்திலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். மூத்த மகளின் மதிப்பெண் அட்டையின் நகல். பெற்றோர் கையொப்பம் என்று அச்சடித்த இடத்தில் எல்லாத் தேர்வுக்கும் விடுதிக் காப்பாளர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த நீளக் கட்டத்தை விரலால் தடவிக் காட்டியபோதுதான் அவர் குரல் உடைந்தது.

பேராசிரியை சொற்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஆம்பூர் அக்காதான் முதலில் வாய் திறந்தார்: "பாப்பா எந்த ஊர் விடுதியில் இருக்கிறாள் அம்மா? மாதம் ஒரு ஞாயிறு நான் போய்ப் பார்த்து வருகிறேன்." ஞாயிறு ஒன்றுதான் அவருக்கு விடுமுறை. நர்ஸம்மா காய்ச்சல் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, இரத்தப் பரிசோதனை எப்போது செய்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பும் முன் பரிசோதனைக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஜெபித்தோம். யாருக்காக, எதற்காக ஜெபிக்கிறோம் என்று அங்கே ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. ஐக்கியம் என்று நாம் சபையில் சொல்வதை அன்று கண்ணால் கண்டேன்.

காணிக்கை பற்றியும் சொல்லவேண்டும். பிடி அரிசி வாங்குகிறார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுச் சேர்க்கிற பழைய வழக்கம். மிசோரம் பெண்கள் 1910இலிருந்து இப்படியே அரிசி சேர்த்து ஊழியங்களைத் தாங்கிவருகிறார்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சிறுசிறு பைகளாக வந்த அரிசியைக் கொட்டி, அங்கேயே ஏலம் விட்டு அந்தப் பணத்தை மிஷனெரிகளைத் தாங்கும் நிதியில் சேர்த்தார்கள். புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே குவியலில் கிடந்தது. பெரிய தொகை கொடுத்தவர்களின் பெயரை மட்டும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அரிசி கொண்டுவந்த கிராமங்களின் பெயரையும் வாசித்திருக்கலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

புத்தகக் கடை சுமார். மிஷனெரிகள் வேலை செய்யும் பணித்தளங்களின் பெண்கள் பின்னிய கைவேலைப் பொருட்கள் அருமை, விலையும் நியாயம். கைக்குழந்தைக்காரர்களுக்குத் தனி அறையும் தொட்டில்களும் வைத்திருந்தது நல்ல ஏற்பாடு.

எங்கள் குழு கலையவில்லை. வாட்ஸ்அப்பில் தொடர்கிறோம். மார்ச் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாளன்று ஆற்காட்டில் கூடுவதாக முடிவு. அமைப்பாளர்களுக்கும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்திருக்கிறோம்: வாழ்த்துரைகளை அரைமணி நேரத்தில் முடியுங்கள், மிஷனெரி சகோதரிகளை அவரவர் பெயரால் அழையுங்கள், ஆளுக்கு முக்கால் மணி நேரம் கொடுங்கள், மூத்தவர்களுக்குக் கழிப்பறை வசதி செய்யுங்கள் என்று.

ஜூலையிலேயே பெயர் சேர்க்க ஆரம்பிக்கிறார்கள். உங்கள் சபை ஆயரம்மாவிடம் கேளுங்கள். போர்வை, டார்ச், கொசுவத்தி கையோடு எடுத்துப்போங்கள். பிடி அரிசியை இன்றைக்கே எடுத்துவைக்க ஆரம்பித்தால் அதற்குள் ஒரு பை சேர்ந்துவிடும்.