பழைய நில ரெக்கார்டு எடுத்துத் தரும் கடை: நகலுக்குப் போங்க, விளக்கத்துக்கு வேண்டாம்

கோயமுத்தூர் கலெக்டர் ஆபீஸ் பக்கத்துச் சந்துல இருக்குற கடை. வெள்ளைக்காரன் காலத்து நில ரெக்கார்டுக்கு மனுப் போட்டு நகல் வாங்கித் தர்றாங்க. ஒரு சர்வே நம்பருக்கு 1,500 ரூபாய், சர்க்கார் கட்டணம் தனி. நகல் எடுக்குறதுல கெட்டிக்காரங்கதான். கூடவே ஒரு பக்கத்துக்கு 'விளக்கக் குறிப்பு' டைப் பண்ணித் தர்றாங்க பாருங்க, அதுலதான் கோளாறு.

முதல்ல ஃபசலிக் கணக்கு, அதாவது நில வரிக் கணக்குக்கான வருசம். ஃபசலி 1290-ஐ 1883-ன்னு போட்டிருக்காங்க. இங்கிலீஷ் வருசம் கண்டுபிடிக்க 593 கூட்டுறது வடநாட்டுக் கணக்கு. நம்ம பக்கம் 590 கூட்டோணும். வருசம் ஜூலை 1-ல ஆரம்பிக்கும். அப்ப 1290-ங்கறது 1880 ஜூலை முதல் 1881 ஜூன் வரைக்கும். மூணு வருசம் தள்ளிப் போனா, கிரயப் பத்திரத்துக்கு முன்னால இருக்க வேண்டிய பதிவு பின்னால போயிரும்.

அடுத்தது இதைவிடப் பெருசு. செட்டில்மென்ட் ரிஜிஸ்டர்ல (நிலத் தீர்வையை முடிவு பண்ணி எழுதுன பதிவேடு) பேர் இருந்தா அதை 'உரிமைச் சான்று'ன்னு எழுதிடறாங்க. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சா இப்படி எழுத மாட்டாங்க. சேலம் பக்கம் 1792-லயும், திப்பு விழுந்த பிறகு 1799-ல கோயமுத்தூரும் கம்பெனி கைக்கு வந்துச்சு. சேலம் பக்கத்துப் பாராமகாலில் கம்பெனி அதிகாரிங்க ரீடும் மன்றோவும் ஒவ்வொரு குடியானவன்கிட்டயும் நேரா தீர்வை பேசுனதுதான், குடியானவனே சர்க்காருக்கு நேரா கட்டுற ரயத்துவாரி முறைக்கு வேர். 1816-ல போலீஸ், மாஜிஸ்திரேட் அதிகாரமும் கலெக்டர் கைக்கே போச்சு. கீழே தாசில்தார், ஊர்ல வசூலுக்கு மணியக்காரர், கணக்கு எழுதக் கணக்குப்பிள்ளை, வருசா வருசம் ஜமாபந்திங்கற கணக்குத் தணிக்கை. அந்த நிர்வாகம் கேட்ட கேள்வி 'தீர்வை கட்டுறது யாரு?'ங்கறதுதான். ரிஜிஸ்டரும் அதுக்குத்தான் பதில் சொல்லுது: நஞ்சையா புஞ்சையா, மண் தரம் என்ன, ஏக்கருக்குத் தீர்வை எவ்வளவு, கட்டுறவர் பேர். சொந்தம் யாருக்குங்கறதுக்குப் பத்திரம்தான் பேசோணும்.

ஜமீன் ஊருக்கும் அதே மனுவைத்தான் போடறாங்க. ஊத்துக்குளி மாதிரி ஜமீன்ல சர்க்காருக்கு வந்தது பேஷ்கஷ், அதாவது ஜமீன்தார் மொத்தமாக் கட்டுற கப்பம் மட்டும். வயல் வாரியாக் கணக்கு ஜமீன்தார் வீட்டுல இருந்துச்சு. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம் நடந்த செட்டில்மென்டைக் கேக்கோணும். இனாம் நிலம்னா (தீர்வையை விட்டுக்கொடுத்தோ குறைச்சோ மானியமாக் கொடுத்தது) 1860-கள்ல எழுதுன இனாம் ஃபேர் ரிஜிஸ்டரை டி.டி. (டைட்டில் டீட்) நம்பரோட கேளுங்க.

எஃப்.எம்.பி. (வயல் அளவுப் புத்தகம்) வரைபட நகல் தெளிவாத்தான் வருது. ஆனா ஜெராக்ஸ்ல அளவு சுருங்கும். ஸ்கேல் வெச்சு அளக்காதீங்க, கோட்டு மேல எழுதியிருக்குற எண்ணைப் பாருங்க. பழைய தாள்ல அது லிங்க் கணக்கு. நூறு லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. 250 லிங்க்னா 165 அடிதான். குறிப்புல 250 அடின்னே அடிச்சுட்டாங்க. இப்படிப் போனா பக்கத்துத் தோட்டத்துக்காரரோட வேலிச் சண்டை நிச்சயம்.

கரூர்க்காரங்க 1910-க்கு முந்தின தாளுக்கு 'கோயமுத்தூர் ஜில்லா'ன்னே மனு எழுதச் சொல்லுங்க. திருச்சி ஜில்லாவுல சேர்ந்ததே அந்த வருசம்தான்.

ஆர்டர் கொடுக்கும்போதே குறிப்பு வேண்டாம்னு சொல்லி 300 ரூபாய் குறைச்சுக் கேளுங்க, குறைக்கறாங்க. ரிமார்க்ஸ் கட்டம் வெட்டுப்படாம முழுப் பக்கமும் வந்திருக்கான்னு பாத்துட்டு மீதிப் பணத்தைக் கொடுங்க.