சென்சார் போகவில்லை, அழுக்கேறியிருந்தது: 1,34,000 கிலோமீட்டர் அனுபவம்

ஒன்றரை லிட்டர் பெட்ரோல் கார், 2013 மாடல். வாரத்துக்கு ஒரு தடவையாவது கோவையிலிருந்து கோத்தகிரி ஏறி இறங்கும் வண்டி. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் என்று ஒன்று அதில் இருப்பதே முதல் 82,000 கிலோமீட்டர் வரை எனக்குத் தெரியாது.

அப்புறம் வண்டி திக்க ஆரம்பித்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரியை முந்த மூன்றாவது கியரில் மிதித்தால், ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் இழுக்கும். சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் முள் 650க்கும் 900க்கும் நடுவே ஊஞ்சலாடும். பிளக் மாற்றினேன், இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைக் கழுவினேன், பெட்ரோல் போடும் பங்க்கைக்கூட மாற்றிப் பார்த்தேன். ம்ஹூம்.

இரண்டு வாரம் கழித்து செக் இன்ஜின் லைட் எரிந்தது. பி0171 என்று கோடு, அதாவது பழுதுக் குறியீடு. உள்ளே போன காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். காட்டிய இடத்தில், கோடைப் பார்த்த கையோடு, "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்று ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கோடு சென்சாரின் பெயரையே சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. காற்றுக் குழாயில் கீறல் விழுந்து கசிந்தாலும், பெட்ரோல் பம்ப் தளர்ந்தாலும் இதே கோடு வரும்.

பணத்தைப் போடும் முன் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் இடையே உள்ள குழாயில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒன்றை வெளியே எடுத்தார். டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே முடி போன்ற ஒரு கம்பி, அதன்மேல் ஒட்டடை மாதிரி பழுப்புப் படலம்.

அந்தக் கம்பிதான் எல்லாம். உள்ளே வரும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் சூட்டில் அதை எப்போதும் வைத்திருப்பது சர்க்யூட்டின் வேலை. காற்று அதிகம் பாய்ந்தால் கம்பி குளிரும். சூடு குறையாமல் இருக்க அதிகக் கரண்ட் தேவைப்படும். எவ்வளவு கரண்ட் தேவைப்பட்டது என்பதை வைத்து எவ்வளவு காற்று போனது என்று இன்ஜின் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, சுமார் 14.7 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெட்ரோல் என்று விடும். இதில் எனக்குப் பிடித்த சங்கதி, இது காற்றின் எடையை அளக்கிறது, கொள்ளளவை அல்ல. கோத்தகிரி உயரத்தில் காற்றின் அடர்த்தி கோவையைவிடக் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு குறைவு. அதற்கேற்பப் பெட்ரோலும் தானாகக் குறைந்துவிடும். பழைய கார்புரேட்டர் வண்டியில் மலை ஏறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கம்பிமேல் அழுக்குப் போர்வை விழுந்தால் காற்றின் குளிர்ச்சி அதற்குச் சரியாக எட்டாது. வேகத்தில் போகும்போது காற்றைக் குறைத்துச் சொல்லும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்து போனில் காட்டும் என் 900 ரூபாய் ஓபிடி டாங்கிளில் ஃப்யூவல் ட்ரிம் பார்த்தோம். கம்ப்யூட்டர் தன் கணக்கைத் திருத்தப் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (பிளஸ்), குறைக்கிறது (மைனஸ்) என்பதுதான் அது. மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலில் மைனஸ் 4, பைபாஸில் 3,000 ஆர்பிஎம்மில் பிளஸ் 19. "கசிவா இருந்தா தலைகீழா இருக்கும் தம்பி. ஐடில்ல எகிறி நிக்கும், ரேஸ் பண்ணப் பண்ண அடங்கும்" என்றார் அண்ணன். பம்ப் பிரஷரையும் பார்த்தார், சரியாகவே இருந்தது.

படலம் எங்கிருந்து வந்தது? என் கைங்கரியம்தான். பிக்கப் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எண்ணெய் தடவிப் பயன்படுத்தும் காட்டன் ஃபில்டரைப் போட்டிருந்தேன். கழுவிய பிறகு எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். அதெல்லாம் கம்பியில் போய் ஒட்டி, மேலே தூசியும் ஏறிவிட்டது.

இதற்கென்றே விற்கும் கிளீனர் ஸ்ப்ரேயைப் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்து, அரை மணி நேரம் காயவிட்டோம். பட்ஸ், துணி, விரல் எதையும் கம்பியில் வைக்கக் கூடாது. பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர் வேண்டவே வேண்டாம். சாதாரணப் பேப்பர் ஃபில்டருக்கே திரும்பினேன். அடுத்த வாரம் ட்ரிம் பிளஸ் 3. தயக்கமும் போனது.

அப்போதும் புத்தி வரவில்லை. ஸ்பேராக இருக்கட்டும் என்று ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ஒரு சென்சார் வாங்கி மாட்டிப் பார்த்தேன். ஐடிலில் நொடிக்கு 2.1 கிராம் காட்ட வேண்டிய இடத்தில் 2.7 காட்டியது, ட்ரிம் மைனஸ் 18க்கு இறங்கியது. மூன்றே நாளில் கழற்றி டிக்கியில் போட்டேன்.

1,21,000இல் மறுபடியும் லைட். இந்தத் தடவை பி0102, சென்சார் சிக்னலே சரியாக வரவில்லை என்கிற கோடு. வண்டி மந்தமாகத்தான் ஓடியது. சென்சார் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு ஓட்டியும் எந்த வித்தியாசமும் இல்லை. அதாவது கம்ப்யூட்டர் ஏற்கெனவே அதை நம்புவதை விட்டுவிட்டு, த்ராட்டில், ஆர்பிஎம் இரண்டையும் வைத்து உத்தேசமாக ஓட்டிக்கொண்டிருந்தது. ஒயர் டேப்பைப் பிரித்தால் உள்ளே எலி கடித்த தடம். ஆட்டோ எலக்ட்ரீஷியன் சால்டர் வைத்து 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இன்றும் வண்டியில் இருப்பது 2013இல் வந்த அதே சென்சார். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு ஃபில்டர், 40,000க்கு ஒரு ஸ்ப்ரே. எலிதான் இன்னும் பிடிபடவில்லை.