எழுதும் சுவர்: ஒயிட்போர்டு பெயின்ட்டா, மாட்டும் பலகையா?

பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பழக ஒரு சுவரையே ஒதுக்க விரும்புவோரை சுவரையே எழுதி அழிக்கும் பரப்பாக மாற்றும் ஒயிட்போர்டு பெயின்ட் ஈர்ப்பது இயல்பே. விளிம்பில்லாத அந்தப் பரப்பை எந்தப் பலகையும் தராது. ஆயினும் சென்னையில் முதலில் பார்க்க வேண்டியது சுவரின் ஈரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நனையும் வெளிச்சுவரின் உட்புறத்தில் ஈரம் கசிந்தால், பூச்சு கொப்புளித்து உரிந்துவிடும். ஆகவே மழை படாத உட்சுவரைத் தேர்ந்தெடுத்து, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே தொடங்க வேண்டும். சிறு சொரசொரப்பு இருந்தாலும் மை அங்கே தங்கி, அழித்த பின்னும் நிழலாய் நிற்கும். இரு பாகங்களாக வரும் பெயின்ட்டைக் கலந்தவுடன் விரைந்து பூச வேண்டும். பிறகு அது இறுகும் வரை சில நாட்கள் எழுதாமல் காத்திருக்க வேண்டும். ஆவலோடு நிற்கும் பிள்ளைகளுள்ள வீட்டில் இந்தக் காத்திருப்பே கடினம்.

பலகையோ நான்கு திருகாணிகளில் நின்றுவிடும். மெலமைன் என்னும் பிளாஸ்டிக் வகைப் பூச்சுள்ள பலகையில் நாளடைவில் கறை படியும். பீங்கான் பூச்சிட்ட எஃகுப் பலகை விலை கூடுதலாயினும் நெடுநாள் உழைக்கும், காந்தமும் ஒட்டும். வாடகை வீட்டுக்குப் பலகையே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. காலி செய்யும் நாளில் அதைக் கழற்றி எடுத்துச் செல்லலாம், பெயின்ட்டையோ தேய்த்தெடுத்து மறுபடி வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.