பைனாரலா ஆம்பிசானிக்ஸா? வேலூர் கோட்டைக்குள்ள ரெக்கார்ட் பண்ண எது சரி

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துல நின்னு மணிச்சத்தம் கேட்டிருக்கீங்களா, தூணுக்குத் தூணு பட்டு நாலாபக்கமும் வரும், அதை அப்படியே புடிக்க ரெண்டு வழி இருக்கு.

பைனாரல்னா ரெண்டு காதுலயும் குட்டி மைக் வச்சுக்கிட்டு நிக்கிறது, இல்லன்னா டம்மி தலை, அதாவது காதுல மைக் வச்ச பொம்மைத் தலை. காது மடல்ல பட்டு சத்தம் மாறுறது, ஒரு காதுக்கு முன்னாடியும் இன்னொண்ணுக்கு துளி லேட்டாவும் வர்றது எல்லாமே பதிவாயிடும், ஹெட்போன் போட்டா புறா நம்ம பின்மண்டைக்கு மேல சிறகடிச்சுப் போகும், சிலிர்த்துடும்ங்க! ஆனா கேக்குறவங்க தலையத் திருப்புனா மொத்த கோயிலும் கூடவே திரும்பும். ஸ்பீக்கர்ல போட்டா பாதி காலி.

ஆம்பிசானிக்ஸ் 1970கள்ல பிரிட்டன்ல மைக்கேல் கெர்சன் மாதிரி ஆளுங்க உருவாக்குனது. ஒரே மைக்ல நாலு கேப்சூல், அதாவது சத்தத்தைப் புடிக்கிற நாலு குட்டி முனை, அதை நாலு சேனலா, தனித்தனி ஒலித்தடமா மாத்துவாங்க, ஒண்ணு மொத்த சத்தம், மத்த மூணும் முன்பின், இடவலம், மேல்கீழ். அதனால ரெக்கார்ட் பண்ணி முடிச்சப்புறமும் எந்தப் பக்கம் வேணா திருப்பிக்கலாம், தலையில மாட்டிப் பாக்குற விஆர்க்கும் (வர்ச்சுவல் ரியாலிட்டி) ஆகும், சுத்தி ஸ்பீக்கர் வச்ச ரூமுக்கும் ஆகும். நாலு சேனல்ல திசை கொஞ்சம் மங்கலாதான் கேக்கும், அது உண்மை.

மண்டபத்துக்கு நான் ஆம்பிசானிக்ஸ்தான் சொல்வேன், மேல்கூரைல இருந்து இறங்கி வர்ற எதிரொலிதான் அங்க உயிரே. அகழி ஓரமா நடந்துக்கிட்டே எடுக்கணும்னா பைனாரல். எதை எடுத்தாலும் மைக்குக்கு ஃபர் கவர் போட்டுடுங்க, காத்து விடாது.