டர்போஸ்மார்ட் எஃப்பிஆர்-800: டர்போ இன்ஜினுக்கு எடுபடுமா?

ஆஸ்திரேலியத் தயாரிப்பான இந்த ஃப்யூல் பிரஷர் ரெகுலேட்டரின் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) பெயரில் உள்ள 800, குதிரைத்திறனைக் குறிக்கிறது. கடையில் எல்லோரும் கேட்பது அதைத்தான். ஆனால் ரெகுலேட்டருக்குக் கஷ்டமான நேரம் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடுவது). அப்போது இன்ஜின் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கும், பம்பு தள்ளும் மீதி முழுவதும் ரிட்டர்ன் வழியே டேங்குக்குத் திரும்பியாக வேண்டும். இதன் போர்ட்டுகள் 1/8 என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரை அளவு), அதாவது சின்னவை. மணிக்கு 255 லிட்டர் தரும் ஒற்றைப் பம்புக்கு இது போதும். இரட்டைப் பம்பு போடுகிறவர்கள் எஃப்பிஆர்-1200-க்குப் போவதே நல்லது. பிரஷரைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தியும் பிரஷர் இறங்கவில்லை என்றால், ரெகுலேட்டரைக் குறை சொல்வதற்கு முன் ரிட்டர்ன் ஹோஸ் ஒடுக்கமாகவோ மடங்கியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: இப்போதைய கார்கள் பலவற்றில் ரிட்டர்ன் லைனே கிடையாது, ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கும். அவற்றில் இதைப் போட வேண்டுமானால் தனி ரிட்டர்ன் லைன் இழுக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பொருத்தும்போது டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம். மரையில் அறுபடும் வெள்ளை நார் உள்ளே போய் வால்வு உட்காரும் இடத்தில் சிக்கினால் பிரஷர் நிற்காது. பெட்ரோல் தாங்கும் திரவ சீலன்ட்டை, முதல் மரையை விட்டுவிட்டு மெல்லியதாகப் பூசுங்கள். என்.பி.டி. மரை கூம்பு வடிவம், பாடி அலுமினியம். பலத்தைக் காட்டினால் விரிசல் விடும்.

செட்டிங் எளிது. மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) இருந்து ரெகுலேட்டருக்கு வரும் சின்ன வேக்குவம் ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டு பக்கத்தை அடைத்து, இன்ஜினை ஐடிலிங்கில் விடுங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, ஆலன் கீயால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பி 43.5 பி.எஸ்.ஐ., அதாவது 3 பாருக்குக் கொண்டு வாருங்கள். நட்டை இறுக்கிய பிறகு கேஜை மறுபடி பாருங்கள், முள் சற்று நகர்ந்திருக்கும். ஹோஸைத் திரும்ப மாட்டினால் 34 பக்கம் இறங்க வேண்டும். ஒன்றும் அசையவில்லை என்றால் மேனிஃபோல்டு அழுத்தம் ரெகுலேட்டருக்கு வரவில்லை என்று பொருள். கிளிசரின் நிரப்பிய கேஜ் பானட் சூட்டில் தப்பாகக் காட்டும், அதனால் கேஜ் ஆறியிருக்கும்போது அளவெடுங்கள்.

இந்த ரெகுலேட்டர் ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் வேலை செய்கிறது. 15 பி.எஸ்.ஐ. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) வந்தால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயிலில் பிரஷர் 58.5 ஆகும். இன்ஜெக்டருக்கு மேலும் கீழும் உள்ள பிரஷர் வித்தியாசம் மாறாமல் 43.5-லேயே நிற்கும். அந்தச் சின்ன வேக்குவம் ஹோஸ் பூஸ்ட்டில் கழன்றுவிட்டால் வித்தியாசம் 28.5-க்கு விழுந்து, பெட்ரோல் சுமார் 19 சதவீதம் குறையும். முழு லோடில் அந்த லீன் (பெட்ரோல் போதாத) ஓட்டம் பிஸ்டனைத் தின்றுவிடும். ஆகவே த்ராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டில் இருந்து தனி எடுப்பு கொடுங்கள். ப்ளோ-ஆஃப் வால்வு (மிச்சமான பூஸ்ட்டை வெளியே விடும் வால்வு) ஹோஸில் டீ போட்டுப் பங்கு பிரிக்காதீர்கள். இரண்டு முனையிலும் கிளாம்ப் போடுங்கள்.

சின்ன இன்ஜெக்டரை வைத்துக்கொண்டு பிரஷரை ஏற்றியே சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். 43.5-ல் 440 சி.சி. தரும் இன்ஜெக்டர் 58-ல் சுமார் 508 சி.சி.தான் தரும். பிரஷர் மூன்றில் ஒரு பங்கு கூடியும் கிடைப்பது 15 சதவீதமே, பம்போ அதற்கு மேல் திணறும். பிரஷரை மாற்றினால் ஈ.சி.யு. (இன்ஜின் கம்ப்யூட்டர்) மேப்பையும், காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்டு சென்சார் வைத்து மறுபடி சரிசெய்தே ஆக வேண்டும்.

வண்டியை அணைத்ததும் பிரஷர் சரசரவென்று இறங்குகிறதா? ரிட்டர்ன் ஹோஸைக் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். அப்போது நின்றால் கோளாறு ரெகுலேட்டரில். நிற்காவிட்டால் பம்பின் செக் வால்வோ இன்ஜெக்டரோதான் ஒழுகுகிறது. வேக்குவம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பார்க்கும்போது உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் (வளையும் ரப்பர் சவ்வு) கிழிந்துவிட்டது. அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.